நிஷிசாகா குன்றில் ஒரு வசாய்க்காரர்

நாகசாகி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர் நேராக அணுகுண்டு நினைவிடத்துக்கு டிராம் பிடிக்கிறார்கள். நான் முதலில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நிஷிசாகா மேட்டில் ஏறினேன். சில நிமிட நடைதான், ஆனாலும் மூச்சு வாங்கியது. 1597 பிப்ரவரி 5 அன்று 26 கத்தோலிக்கர்களைச் சிலுவையில் பிணைத்து, ஈட்டியால் குத்திக் கொன்ற இடம் அது. அந்த 26 பேரில் ஒருவர் நம் மும்பைக்கு வடக்கே இருக்கும் வசாயில் பிறந்தவர். பெயர் கொன்சாலோ கார்சியா. அவருக்காகத்தான் போனேன்.

போர்ச்சுகீசிய அப்பா, இந்திய அம்மா. சிறு வயதிலேயே இயேசு சபையாருடன் ஜப்பான் போய், உபதேசியாராக (மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவராக) வேலை பார்த்தார். ஜப்பானிய மொழி சரளமாக வந்துவிட்டது. சபையில் சேர விரும்பியும் சேர்த்துக்கொள்ளவில்லை. மனுஷன் மக்காவ் பக்கம் போய் வியாபாரியாகிவிட்டார்! பிறகு மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார், குருவாக அல்ல, சாதாரண சகோதரராக. 1593இல் அந்தச் சபைக் குரு பெத்ரோ பவுதிஸ்தா தூதராக ஜப்பான் போனபோது மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போனவர் இவர்தான். நாட்டை ஆண்ட ஹிதெயோஷியின் முன்னால் அந்தத் துறவிகளின் வாய் இவர். பிரசங்கம் செய்து பேர் வாங்கியவர்களைவிட இவரை எனக்கு அதிகம் பிடித்ததற்கு அதுவே காரணம்.

1587இலேயே குருக்கள் வெளியேற வேண்டும் என்று ஹிதெயோஷி ஆணை போட்டிருந்தார். ஆனாலும் கெடுபிடி பெரிதாக இல்லை. 1596இல் சான் ஃபெலிப்பே என்ற ஸ்பானியக் கப்பல் ஜப்பானின் தோசா கரையில் தட்டியது. முதலில் பாதிரிகள், பின்னால் படை என்று அதன் மாலுமி உளறியதாகச் சொல்வார்கள். அது உண்மையோ பொய்யோ, கைது தொடங்கிவிட்டது.

கியோத்தோவில் கைதானவர்களின் இடது காதை அறுத்து, வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். அங்கிருந்து நாகசாகிக்கு, கடும் குளிரில், ஏறக்குறைய ஒரு மாதப் பயணம். கிளம்பும்போது 24 பேர், வழியில் இருவர் சேர்ந்துகொண்டார்கள். லூயிஸ் இபராகிக்கு வயது 12. பதினான்கு வயது தோமாஸ் கொசாகி வழியில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபோது என்னால் தொடர முடியவில்லை. அவன் அப்பாவும் அதே வரிசையில் சாகப்போகிறவர்.

1962இல் திறந்த நினைவுச்சுவரில் 26 வெண்கல உருவங்கள். சிலுவைகள் இல்லை. பாதங்கள் தரையில் ஊன்றாமல் கீழ்நோக்கித் தொங்குகின்றன. மேலே எழும்புகிற மாதிரி இருக்கிறது. சிறுவர்கள் குட்டையாக நிற்பது சட்டென்று கண்ணில் படும். கொன்சாலோவை நான் பெயர் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பின்னால் அருங்காட்சியகம் இருக்கிறது, அவசரப்படாமல் பாருங்கள்.

இவர்களுக்கு 1862இல் புனிதர் பட்டம் கிடைத்தது. 2022இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயத்தை 'முதல் இந்தியப் புனிதர்' என்று வாட்ஸ்அப்பில் பலர் பகிர்ந்தார்கள். அவர் இந்தியப் பொதுநிலையினரில், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களில், முதல்வர். இந்தியாவில் பிறந்தவர்களில் முதல் புனிதர் இந்த வசாய்க்காரர்தான்.

இறங்கி வந்து டிராமில் ஓஊரா தேவாலயம் போகலாம். இந்த 26 பேருக்கே நேர்ந்தளித்த கோயில் அது, குன்றைப் பார்த்த மாதிரி கட்டியிருக்கிறார்கள். 1865இல் அங்கேதான், கிறிஸ்தவத்துக்குத் தடை இருந்ததால் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் விசுவாசத்தை ஒளித்து வைத்திருந்த, பக்கத்து உராகாமி கிராமத்து விவசாயக் குடும்பங்கள் வந்து, தாங்களும் கிறிஸ்தவர்கள்தான் என்று பிரெஞ்சுப் பாதிரியாரிடம் சொன்னார்கள்.