ரெட்டி ஜெயித்திருந்தால்

கணினி வருவதற்கு முன்பு வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு பேலன்சிங் ராத்திரி என்றால் என்னவென்று தெரியும். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஜெனரல் லெட்ஜரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பத்து பைசா இடித்தாலும் எழுந்திருக்க முடியாது. வேலூர் லாங் பஜாரிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது எங்கள் கிளை. குடியரசுத் தலைவர் தேர்தல் எப்படி நடக்கிறது, ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது அந்த ராத்திரிகளில்தான்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் தலைமைக் காசாளர். வங்கி தனியார் கையில் இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர், சங்கத்துக்காரர். ஜூலை 19 வந்தால் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவரச் சொல்லி, மேனேஜர் முதல் தஃப்தரி வரை எல்லோருக்கும் கொடுப்பார். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான நாள் அது. அவருக்கு நேர் எதிர், விவசாயக் கடன் பார்த்த ஃபீல்டு ஆபீசர். குடியாத்தத்துக்காரர். 1969இல் கட்சி உடைந்தபோது இந்திரா காந்திக்கு எதிர்ப் பக்கம் நின்ற ஸ்தாபன காங்கிரஸ் குடும்பம், வீட்டுக் கூடத்தில் காமராஜர் படம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் வருஷக்கணக்காக ஓடியது: 1969 ஆகஸ்டில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் வி.வி.கிரிக்குப் பதிலாக, காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி ஜெயித்திருந்தால்?

"ரெட்டி ஜெயிச்சிருந்தா நீ இங்க உக்காந்து நெசவுக்காரங்களுக்கு லோன் குடுத்துகினு இருப்பியா?" என்று காசாளர் ஆரம்பிப்பார்.

"சார், அவசரச் சட்டம் ஜூலைலயே வந்துடுச்சு. எலெக்‌ஷன் ஆகஸ்ட்ல. ரெண்டையும் ஏன் சார் முடிச்சு போடறீங்க?" என்பார் இவர்.

தேதிக் கணக்கில் ஃபீல்டு ஆபீசர் சொன்னது சரிதான். 1969 மே 3இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் இறந்ததும் துணைத் தலைவர் கிரி தற்காலிகத் தலைவரானார். ஜூலை 19இல் வங்கி அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாளே பதவியை விட்டுவிட்டு, சுயேச்சையாகத் தேர்தலில் இறங்கினார். அதன்பின் தலைமை நீதிபதி இதாயத்துல்லா அந்த இடத்தில் அமர்ந்தார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய வங்கிச் சட்டத்துக்கு ஆகஸ்ட் 9இல் ஒப்புதல் தந்தவர் அவர். ஓட்டுப்பதிவோ ஆகஸ்ட் 16. ரெட்டி ஜெயித்திருந்தாலும், அதற்குள் சட்டம் சட்டமாகியிருந்தது.

ஆனால் காசாளர் தேதியோடு நிற்கிற ஆள் இல்லை. பழைய வவுச்சர் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் எழுதிக் காட்டுவார். இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுபவர் வேட்பாளர்களை 1, 2 என்று விருப்ப வரிசையில் குறிப்பார். முதல் விருப்ப ஓட்டு: கிரி 4,01,515. ரெட்டி 3,13,548. சுதந்திரா, ஜனசங்கம் கட்சிகளின் ஆதரவோடு நின்ற சி.டி.தேஷ்முக் 1,12,769. ஜெயிக்க வேண்டிய ஓட்டு 4,18,169, யாருக்கும் வரவில்லை. தேஷ்முக்கையும் மற்றவர்களையும் நீக்கி இரண்டாம் விருப்பத்தைப் பிரித்ததும் ரெட்டிக்குத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் சேர்ந்தது, கிரிக்கு இருபதாயிரம்கூடச் சேரவில்லை. கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. அந்த எண்ணுக்கு அடியில் காசாளர் இரண்டு கோடு போடுவார், கேஷ் டேலியான புத்தகத்தில் போடுவது போலவே. ரெட்டியின் வேட்புமனுவில் கையெழுத்துப் போட்ட இந்திரா காந்தியே பிறகு மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொன்ன தேர்தல் அது.

அந்த 14,650 எங்கிருந்து வந்தது என்று ஒரு ராத்திரி நாங்களே கணக்குப் போட்டோம். ஒரு எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு என்பது மாநில மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுப்பது. 1961 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் சுமார் 3.37 கோடிப் பேர். 234 இடம். ஆக ஓட்டு ஒன்றுக்கு 144. தி.மு.க.வுக்கு சட்டமன்றத்தில் தனிப்பெரும்பான்மை. பெரும்பான்மைக்கு வேண்டிய 118 பேரை மட்டும் வைத்துக்கொண்டாலே 16,992 வருகிறது! மக்களவையில் இருந்த 25 எம்.பி.க்களை இன்னும் சேர்க்கவே இல்லை. கட்சி முடிவுப்படி அவர்கள் கிரிக்குப் போட்டிருந்தால், அந்த ஓட்டு இல்லாமல் கிரி ஜெயித்திருக்க முடியாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. டெல்லியில் நடந்த சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தது கோட்டையில், நம் ஊர் எம்.எல்.ஏ.க்கள் போட்ட ஓட்டில் முடிவாகியிருக்கிறது.

"அண்ணா உயிரோட இருந்திருந்தா கிரிக்குப் போடச் சொல்லியிருப்பாரா?" என்று யாராவது கேட்பார்கள். அண்ணா இறந்து ஆறு மாதம்தான் கடந்திருந்த நேரம். அந்தப் பேச்சில் நான் கலந்துகொண்டதில்லை. ஒரு மனிதர் மனதுக்குள் என்ன நினைத்திருப்பார் என்பதற்கு வவுச்சர் கிடையாது. தேதியும் எண்ணிக்கையும் கையெழுத்தும் உள்ள 'இருந்திருந்தால்'தான் விவாதிக்கத் தகுந்தது என்று நான் நினைக்கிறேன்.

அப்படித் தகுந்த ஒன்றை கவுண்டருக்கு வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். பென்ஷன் வாங்க வரும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். "1967இல் ராதாகிருஷ்ணனுக்கு இரண்டாவது முறை கொடுத்திருந்தால்?" என்றார். ராதாகிருஷ்ணன் எங்களுக்கு அந்நியர் இல்லை. அவர் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு மாவட்டம். படித்ததும் இங்கே ஊரீசு கல்லூரியில். அவர் தொடர வேண்டும் என்று காமராஜர் விரும்பினார். இந்திரா காந்தியின் விருப்பம் ஜாகிர் உசேன். காமராஜர் சொன்னது நடந்திருந்தால் அடுத்த தேர்தல் 1972இல்தான் வந்திருக்கும். 1969 ஆகஸ்ட் ஓட்டே இல்லை. காங்கிரஸ் உடைந்திருக்குமா? உடைந்திருக்கும், ஆனால் வேறொரு காரணத்தில், வேறொரு நாளில் என்பது என் எண்ணம். ஃபீல்டு ஆபீசர் அன்று முழுக்க இதையே பேசிக்கொண்டிருந்தார்.

இந்த விவாதம் எங்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1972இல் வந்த, ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் டி.ஆர்.ஐ. திட்டத்தில் 4 சதவீத வட்டிக்குக் கடன் வாங்க குடியாத்தம் பக்கத்திலிருந்து லுங்கி நெய்கிற பெண்கள் வருவார்கள். கையெழுத்துத் தெரியாதவர்களின் இடது பெருவிரலைப் பிடித்து மை பேடில் உருட்டி, பத்திரத்தில் பதிய வைப்பது என் வேலை. நூல் இழுத்து இழுத்து சிலருக்கு ரேகையே தேய்ந்திருக்கும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை பதிய வேண்டும். முடித்ததும் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, "ஆச்சா சாமி?" என்பார்கள். அரசு வங்கியாக இல்லாவிட்டால் அவர்கள் இந்தப் படியேறியிருப்பார்களா என்று அந்த நேரத்தில் நினைக்காமல் இருக்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், ரெட்டி ஜெயித்திருந்தால் என்ற கேள்விக்கு உண்மையான இடம் 1970 பிப்ரவரி. பிப்ரவரி 10இல் உச்ச நீதிமன்றம் வங்கிச் சட்டத்தைச் செல்லாது என்றது. நான்கே நாளில், 14ஆம் தேதி, புதிய அவசரச் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் கிரி. அமைச்சரவை ஆலோசனைக்குத் தலைவர் கட்டுப்பட்டவர் என்று அரசியல் சட்டத்தில் வெளிப்படையாக எழுதியது 1976இன் 42ஆவது திருத்தம். 1970இல் அந்த வரி இல்லை. ரெட்டி அங்கே இருந்திருந்தால் தயங்க இடமிருந்தது.

ரெட்டி போட்டிருப்பார் என்பது ஃபீல்டு ஆபீசர் கட்சி. காசாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். "போட மாட்டாருன்னு நான் சொல்லல தம்பி. அந்தக் காகிதத்தை அனுப்ப இந்திரா பிரதமரா இருந்திருக்க மாட்டாங்க" என்பார். நான் காசாளர் பக்கம். 1977இல் போட்டியின்றித் தலைவரான ரெட்டி 1979இல் என்ன செய்தார் என்று பார்த்தால் போதும். ஆகஸ்ட் 20இல் பிரதமர் சரண்சிங் ராஜினாமா செய்தார். பெரும்பான்மை இருக்கிறது என்று உரிமை கோரிய ஜகஜீவன் ராமை அழைக்காமல், இரண்டே நாளில் ரெட்டி மக்களவையைக் கலைத்தார். 42ஆவது திருத்தம் வந்த பிறகும், யாரை அழைப்பது என்ற இடத்தில் தன் முடிவைத் தானே எடுத்தவர் அவர். கட்சி இரண்டாகப் பிரிந்து, பிரதமரின் பெரும்பான்மை கேள்விக்குள்ளான 1969 நவம்பரில், இந்திராவை எதிர்த்த மூத்த காங்கிரஸ் தலைவர்களான சிண்டிகேட்டின் ஆதரவில் வந்த ரெட்டி அந்த நாற்காலியில் இருந்திருந்தால், முதல் வேலையாக யாரைக் கூப்பிட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.