இடம் இருக்கு, ஆனா இல்லை: சர்வர் நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

காலை 6:40-க்கு போன். ஜவுளிக்கடைக்காரர். "தம்பி, பில் போட மாட்டேங்குது." கடை திறக்க ஒன்பதரை ஆகும். ஆனால் அவர் விடிவதற்குள் வந்து உட்கார்ந்து முந்தின நாள் கணக்கைப் பார்க்கிற ஆள். அவருடைய பில் மென்பொருள் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்வது நாங்கள். பல் கூடத் தேய்க்காமல் லேப்டாப்பைத் திறந்து, தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், வட்டில் மிச்சமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் -எச் கட்டளையை அடித்தேன். ரூட் பார்ட்டிஷன், அதாவது சர்வரின் முக்கிய வட்டுப் பகுதி, 100 சதவீதம். 40 ஜிபி வட்டு, மிச்சம் பூஜ்யம்.

சரி, எது தின்றது என்று, கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ போட்டுப் பார்த்தால் மொத்தமே 12 ஜிபிதான் கணக்கு வருகிறது. மீதி எங்கே?

மூன்று மாதம் முன் ஆபீஸில் சேர்ந்த தம்பியைக் கூப்பிட்டேன். "நேத்து ராத்திரியே அலர்ட் வந்துச்சுண்ணே. பில் வொர்க்கரோட லாக் 26 ஜிபி இருந்துச்சு. ஆர்எம் போட்டு அழிச்சுட்டேன்." லாக் என்பது பின்னணியில் ஓடும் பில் வொர்க்கர் நிரல் எழுதும் பதிவுக் கோப்பு; ஆர்எம் அழிக்கும் கட்டளை. அழித்தது சரி. அதைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டே இருந்த ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருந்த நிரலை, அவன் தொடவில்லை. ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டோம், ஆள் வீட்டைவிட்டுப் போகவில்லை என்கிற கதைதான். ஆர்எம் அழிப்பது டைரக்டரியில் (ஃபோல்டரில்) இருக்கும் பெயரை. ஏதாவது ஒரு ப்ராசஸ் அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை வட்டில் அதன் இடம் விடுபடாது. பெயர் போய்விட்டதால் டியூவின் கண்ணுக்கு அது தெரியாது. இடம் போனது டிஎஃப்-க்கு மட்டும் தெரியும்.

பெயர் போயும் திறந்தே இருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் +எல்1 அடித்ததும் ஒரே வரியில் அகப்பட்டது. பில் வொர்க்கர், ப்ராசஸ் எண் 1873, எஃப்டி (திறந்த கோப்பின் எண்) 4, கடைசியில் 'டெலீட்டட்'. வொர்க்கரை ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு நொடியில் 26 ஜிபி திரும்பி வந்து 31 சதவீதத்தில் நின்றது. ரீஸ்டார்ட் செய்ய முடியாத ப்ராசஸாக இருந்தால் /ப்ராக்/1873/எஃப்டி/4-ஐ ட்ரன்கேட் செய்து பூஜ்யமாக்கியிருப்பேன். அதுவும் வேலை செய்யும்.

12-உம் 26-உம் 38 தானே, 40-இல் இரண்டு எங்கே என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. வட்டில் கோப்புகளை வைக்கும் முறையான இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்கிற நிர்வாகிக் கணக்குக்கு என்று ஒதுக்கி வைக்கும். அதனால்தான் வட்டு நிரம்பியும் என்னால் உள்ளே போய் வேலை பார்க்க முடிந்தது.

லாக் வீங்கியதற்குக் காரணம், எல்லாவற்றையும் எழுதித் தள்ளும் டீபக் மோடை யாரோ ஆன் செய்துவிட்டு அணைக்கவில்லை. அணைத்தேன். இனி ஓடுகிற லாக்கை ஆர்எம் செய்யாதே, கோப்பை விட்டுவைத்து உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யும் ட்ரன்கேட் -எஸ் 0 போடு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். இந்த சர்வர் இன்னும் ஓடுவது உபுண்டு 20.04 என்ற லினக்ஸில். மே மாதத்தோடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 22.04-க்கு மாற்ற 14-ஆம் தேதி சனி இரவு என்று கடைக்காரரிடம் ஒப்புதல் வாங்கியாயிற்று.

ஜூன் 3, செவ்வாய்

நண்பர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் அதே பழைய கேள்வி: "8 ஜிபி ராம், ஃப்ரீ 210 எம்பி தான் காட்டுது, சர்வர் சாகப்போகுதா?" 'அவைலபிள்' என்ற பத்தியைப் பாருங்கள் என்றேன். 5.9 ஜிபி. சும்மா கிடக்கிற ராமை லினக்ஸ் படித்த கோப்புகளின் தற்காலிக நகலாக (கேஷ்) வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் கொடுத்துவிடும். அவ்வளவுதான். அதற்குள் ஒருவர் மணிக்கு ஒரு தரம் கேஷைக் காலி செய்ய க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போடச் சொல்லி, கட்டளையையும் ஒட்டிவிட்டார். அதைக் கேட்டால் டேட்டாபேஸ் மணிக்கொரு தரம் எல்லாவற்றையும் வட்டிலிருந்து திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். கேட்டவர் அதற்குப் பத்து கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

ஜூன் 4, புதன்

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்று, அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அனுப்பிவந்த மின்னஞ்சல் இன்றோடு நிற்கிறது. பல வருடமாக அதை நம்பியே காலம் ஓட்டினேன். இனி நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ் 90 நாள். செர்ட்பாட் என்ற மென்பொருள் 30 நாள் மிச்சமிருக்கும்போது புதுப்பித்துவிடும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் போன வருடம் புதுப்பித்தும் தளம் விழுந்தது. வட்டில் புதுச் சான்றிதழ் உட்கார்ந்திருந்தது, பக்கங்களை அனுப்பும் எஞ்சின்எக்ஸ் பழையதை நினைவில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அதையே நீட்டிக்கொண்டிருந்தது. புதுப்பித்ததும் எஞ்சின்எக்ஸை ரீலோட் செய்யும் கட்டளையை, டிப்ளாய் ஹுக்கை, எழுதவில்லை. எழுதாதது நான்தான்.

அதனால் இன்று எழுதிய ஸ்கிரிப்ட் வட்டில் இருக்கும் கோப்பைப் பார்க்காது. வெளியிலிருந்து, பாதுகாப்பான தளங்களின் வாசலான 443-ஆம் போர்ட்டில் ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளை மூலம் கேட்டு, கையில் கிடைக்கிற சான்றிதழின் கடைசித் தேதியைப் படிக்கும். 20 நாளுக்குக் கீழே போனால் எனக்குச் செய்தி வரும்.

ஜூன் 6, வெள்ளி

திருப்பூரில் இருக்கும் நண்பர் இரவு பத்தரைக்குக் கூப்பிட்டார். "கையால ஓட்டினா பேக்கப் எடுக்குது, க்ரான்ல எடுக்க மாட்டேங்குது."

அந்த வரியை அப்படியே அனுப்புங்கள் என்றேன். அனுப்பாமல் பத்து நிமிடம் விளக்கினார். பாத் சரியாக இருக்கிறது, பெர்மிஷன் சரியாக இருக்கிறது, எல்லாம் பார்த்துவிட்டேன் என்கிறார். காய்ச்சல் என்று வந்துவிட்டு தெர்மாமீட்டரை வாயில் வைக்க விடாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியில் ஸ்க்ரீன்ஷாட் வந்தது. கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்க்க, டேட் கட்டளைக்குள் + போட்டு % குறி வைத்திருக்கிறார். டெர்மினலில் அது தேதி. க்ரான் வேலைகளை எழுதும் க்ரான்டேபில் % என்றால் வரி முடிந்தது என்று பொருள். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் கட்டளைக்கு இன்புட்டாகப் போய்விடும். கட்டளையை ஓட்டும் ஷெல்லுக்குக் கிடைத்தது பாதியில் அறுந்த வரி, அதனால் உடனே செத்துவிட்டது.

ஒவ்வொரு நாளும் செத்த செய்தியைச் சொல்ல க்ரான் மெயில் அனுப்பப் பார்த்திருக்கிறது. சர்வரில் மெயில் அனுப்ப எதுவும் நிறுவவில்லை. எம்டிஏ (மெயில் அனுப்பும் மென்பொருள்) இல்லை, அவுட்புட்டைத் தூக்கிப் போடுகிறேன் என்று, சர்வரின் பொது லாகான சிஸ்லாக்கில் தினம் ஒரு வரி. 23 வரி எண்ணினோம். 23 நாளாக பேக்கப் இல்லை.

% குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் தீர்ந்தது. நான் அதையும் செய்யச் சொல்லவில்லை. முழுவதையும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் போட்டு, க்ரானில் கோப்பின் பெயரை மட்டும் எழுதி, அவுட்புட்டை ஒரு லாக்கில் சேர்க்கச் சொன்னேன். அப்புறம் நேரம்: அவர் அதிகாலை இரண்டு மணி என்று நினைத்து வைத்தது யுடிசி, உலகப் பொது நேரம். நம் கணக்குக்குக் காலை ஏழரை.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் கறிக்குழம்பு ஊற்றும்போது தம்பி. "அண்ணே, டெஸ்ட் சர்வர் உள்ள விடமாட்டேங்குது."

வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை எனேபிள் செய்திருக்கிறான். எஸ்எஸ்எச்-ஐ அனுமதிக்கும் விதியைப் போடவில்லை. போடும்போதே அது எச்சரிக்கும், இவன் சரி என்று ஒய் அடித்திருக்கிறான். ஏற்கெனவே திறந்திருந்த இணைப்பை அது அறுக்கவில்லை, அதனால் எல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்து எக்ஸிட் அடித்து வெளியே வந்துவிட்டான். அந்த எக்ஸிட்தான் விஷயம். பழைய சன்னலை மூடாமல் புதுச் சன்னலில் நுழைந்து பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

ஹோஸ்டிங் பேனலின் கன்சோல் வழியாகப் போய்த் திறந்துவிட்டோம். ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன் நான் எப்போதும் ஐந்து நிமிடம் கழித்து அதை அணைக்கும் ஒரு வேலையை அட் கட்டளையில் போட்டுவிடுவேன். உள்ளே போக முடிந்தால் அந்த வேலையை ரத்து செய்வேன், முடியாவிட்டால் காத்திருப்பேன். அவனுக்கு இதைச் சொன்னதும், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றான். குழம்பு ஆறிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

மறுபடி திங்கள், மறுபடி ஜவுளிக்கடை. இந்த முறை பதினொன்றே முக்கால், கடையில் கூட்டம். பில் திரையில் லாகின் ஆகவில்லை. லாக்கில், டிவைஸில் இடம் இல்லை என்ற அதே செய்தி.

டிஎஃப் -எச்: 33 சதவீதம்.

இன்னொரு தரம் அடித்தேன், ஏதோ தப்பாகப் படித்துவிட்டேன் என்று. 33 தான். எல்எஸ்ஓஎஃப்-இல் டெலீட்டட் எதுவும் இல்லை. டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறது. /டெம்பில் ஒரு காலிக் கோப்பை உருவாக்கிப் பார்த்தேன், ரூட்டாக இருந்தும் இடமில்லை என்றது. அங்கே ஐந்து நிமிடம் திகைத்து உட்கார்ந்தேன். கடைக்காரர் நோட்டில் கையால் பில் எழுதிக்கொண்டிருப்பதாக போனில் பின்குரல் கேட்கிறது.

தம்பி பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "டிஎஃப் -ஐ பாத்தீங்களாண்ணே?" என்றான். -எச்-க்குப் பதில் -ஐ என்று போட்டால் டிஎஃப் ஐநோடு கணக்கைக் காட்டும்; ஐநோடு என்பது ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் ஒதுக்கும் பதிவு. பார்க்கவில்லை.

100 சதவீதம். மொத்தம் 26,21,440 ஐநோடு, எல்லாம் தீர்ந்தது. இஎக்ஸ்டி4 உருவாகும்போதே 16 கேபிக்கு ஒன்று வீதம் ஐநோடுகளை எண்ணி வைத்துவிடும், வட்டைப் பெரிதாக்காமல் பின்னால் கூட்ட முடியாது. கோப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று போய்விடும். நெல்லை அளக்காமல் சாக்கை எண்ணி வாடகை வாங்கும் கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலிச் சாக்குக்கும் வாடகை உண்டு.

டியூவில் ஐநோடு கணக்கைக் கேட்டு ஒவ்வொரு டைரக்டரியாக இறங்கினால், பில்லிங் மென்பொருளின் செஷன் டைரக்டரியில் (பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கோப்பு விழும் இடம்) போய் நின்றது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் திரும்பி வரவே இல்லை, அத்தனை பெயரையும் அடுக்கிவிட்டுத்தான் காட்டும். அடுக்காமல் காட்டும் எல்எஸ் -எஃப் போட்டதும் செஷ் என்று தொடங்கும் பெயர்கள் அருவியாகக் கொட்டின. ஆர்எம்-இல் நட்சத்திரக் குறி போட்டால் பட்டியல் நீளம் என்று மறுத்தது. ஃபைண்ட் கட்டளையில் ஒரு நாளுக்கு மேல் பழையதை மட்டும் டெலீட் என்று ஓடவிட்டேன். முதல் சில ஆயிரம் போனதுமே லாகின் திறந்துவிட்டது. முழுதும் முடிய 38 நிமிடம்.

ஜூன் 10, செவ்வாய்

ஏன் என்ற கேள்வி பாக்கி. கடைக்காரர் நேற்றே கேட்டுவிட்டார், "வைரஸா தம்பி?"

உபுண்டுவில் பிஎச்பி (பில்லிங் மென்பொருள் எழுதப்பட்ட மொழி) தானாகப் பழைய செஷன் கோப்புகளைத் துப்புரவு செய்யாது. அது தானாகத் துப்புரவு செய்யும் வாய்ப்பைப் பூஜ்யமாக வைத்துவிட்டு, தனியாக ஒரு டைமர் வைத்துத் துப்புரவு செய்கிறார்கள். அந்த டைமர் பிஎச்பி அமைப்புக் கோப்பில் உள்ள டைரக்டரியைத்தான் பார்க்கும். இந்த மென்பொருள் எழுதியவர் கோடுக்குள்ளேயே செஷனுக்கு வேறு டைரக்டரி கொடுத்துவிட்டார். டைமருக்கு அது தெரியாது, பிஎச்பியும் தொடாது. பெருக்க ஆளில்லாத அறை.

ஆனால் கடையில் இருப்பது ஆறு கவுன்டர். ஆறு கவுன்டர் எத்தனை செஷன் போட்டுவிட முடியும்? அழித்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே 0 பைட். லாகின் செய்யாமல், குக்கி வைத்துக்கொள்ளாமல், பக்கத்தைத் தட்டிவிட்டுப் போகிற, ஒவ்வொரு தட்டலுக்கும் புதுச் செஷன் விழவைக்கிற யாரோ. யார் வந்தார்கள் என்று குறிக்கும் ஆக்சஸ் லாக்கைத் திறந்தேன். ஐந்து நொடிக்கு ஒரு தரம், ராத்திரி பகலாக, ஒரே ஐபி.

எங்கள் மானிட்டர். பொங்கல் கழிந்து ஜனவரி 20-ஆம் தேதி, தளம் விழுந்தால் உடனே தெரிய வேண்டும் என்று நான் போட்டது. லாகின் பக்கத்தையே தட்டும்படி வைத்திருந்தேன். ஐந்து நொடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 17,280. நேற்றோடு 140 நாள். 24,19,200 செஷன். மிச்சம் இரண்டு லட்சத்துச் சொச்சம் சிஸ்டம் கோப்புகள்.

போன திங்களன்று டிஎஃப் -ஐ அடித்திருந்தால் 95 சதவீதத்துக்கு மேலே காட்டியிருக்கும். டியூவும் என்னை எச்சரித்திருக்க முடியாது, 0 பைட் கோப்புக்கு எடை ஏது? அலர்ட்டும் வரவில்லை. அந்த மானிட்டர் பார்ப்பது ஜிபியை மட்டும். அதை எழுதியதும் நான்தான். திருப்பூர்க்காரரிடம் நான் விட்ட தெர்மாமீட்டர் பேச்சை நினைத்துக்கொண்டேன்.

தம்பி கணக்கைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

ஜூன் 11, புதன்

மானிட்டர் இப்போது செஷன் தொடங்காத ஒரு தனிப் பக்கத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டுகிறது. ஐநோடு 80 சதவீதம் தாண்டினால் அலர்ட். செஷன் டைரக்டரிக்குத் தினம் ஒரு துப்புரவு, க்ரானில், ஸ்கிரிப்ட் கோப்பாக. அந்த டைரக்டரியே நூறு எம்பிக்கு மேல் வீங்கிக் கிடக்கிறது. உள்ளே காலியானாலும் இஎக்ஸ்டி4 டைரக்டரியைச் சுருக்காது. புதிதாக ஒன்றை உருவாக்கி, பழையதை நகர்த்தி அழித்தேன்.

கடைக்காரருக்கு உண்மையைச் சொன்னேன். வைரஸ் இல்லை, நாங்கள் வைத்த காவல்காரன்தான் என்று. சிரித்தார். இந்த மாத பில்லில் பாதியைக் குறைக்கச் சொல்லிவிட்டும் சிரித்தார்.

ஜூன் 14, சனி

இரவு 11:10. கடை அடைத்தாயிற்று. பேக்கப் எடுத்து, வேறு மெஷினில் திறந்து பார்த்தாயிற்று. 22.04-இல் பிஎச்பி 7.4 போய் 8.1 வரும். பில்லிங் மென்பொருளின் நகலை அதில் வியாழன் அன்று ஓட்டிப் பார்த்ததில் மூன்று பிழை, திருத்தியாகிவிட்டது. அப்கிரேடு நடுவில் இணைப்பு அறுந்தால் உள்ளே வர 1022-ஆம் போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச் திறக்கும். ஃபயர்வாலில் அதை அனுமதிக்கும் விதியைத் தம்பி நான் சொல்லாமலே போட்டுவிட்டான். இரண்டாவது சன்னலும் திறந்திருக்கிறது.

டிஎஃப் -எச், 32 சதவீதம். "-ஐ?" என்றான். 8 சதவீதம்.

ஒய் அடித்தேன்.