கூப்பர்ஸ்டவுனில் ஒரு சிகரெட் அட்டை

பேஸ்பால் ஆட்டம் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. பந்து போடுகிறவர் தொப்பியைச் சரிசெய்து முடிப்பதற்குள் நம் ஊரில் ஒரு ஓவர் போய்விடும். ஆனாலும் அந்த ஆட்டத்தின் கோயிலாக அமெரிக்கர்கள் நினைக்கிற கூப்பர்ஸ்டவுனுக்குப் போய் வந்தேன். காரணம், நியூ ஜெர்ஸியில் இருக்கும் அக்காவின் மகன். பள்ளியில் படிக்கிறான், ஆட்டக்காரர்களின் படம் போட்ட பேஸ்பால் அட்டைகள் சேர்க்கிறான். "மாமா, ஏழு மில்லியன் டாலர் கார்டு எப்படி இருக்கும்னு பார்க்க வேண்டாமா?" என்றான். ஏழு மில்லியன் டாலர் என்றால் ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல். பார்க்காமல் விட முடியுமா?

அத்தான்தான் வண்டி ஓட்டினார். எடிசனிலிருந்து நாலு மணி நேரம். ஒனியான்டாவை ஒட்டி 28ஆம் நெடுஞ்சாலையில் திரும்பியதும் நகரத்தின் சாயல் போய்விடுகிறது. மாட்டுப் பண்ணை, மக்காச்சோளக் கொல்லை, மரத்தாலான பழைய தேவாலயம், மறுபடி மாட்டுப் பண்ணை. சஸ்குவஹானா ஆறும் சாலையோடு சேர்ந்தும் விலகியும் வருகிறது. அந்த ஆறு புறப்படுவதே கூப்பர்ஸ்டவுனின் ஓட்சீகோ ஏரியிலிருந்துதான். ஊரில் நிலையாகக் குடியிருப்பவர்கள் இரண்டாயிரம் பேர்கூடத் தேற மாட்டார்கள். கோடையில் வருகிற கூட்டமோ கொஞ்சநஞ்சமல்ல. மெயின் ஸ்ட்ரீட்டில் வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் ஊர் எல்லையில் நிறுத்தி ட்ராலி பேருந்தில் வந்தோம். போகிறவர்கள் முதலிலேயே அப்படிச் செய்துவிடுவது நல்லது.

இந்தப் பொட்டு ஊரில் ஏன் பேஸ்பால் அருங்காட்சியகம்? அதற்கு ஒரு தலபுராணம் இருக்கிறது. ஆப்னர் டபுள்டே என்ற ராணுவ அதிகாரி 1839ல் இங்கேதான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று 1907ல் ஒரு குழு முடிவு கட்டியது. அந்த 1839ல் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். வரலாற்று ஆய்வாளர்கள் யாரும் இந்தக் கதையை இப்போது நம்புவதில்லை. அதற்குள் நூற்றாண்டு கொண்டாடி, 1939ல் அருங்காட்சியகத்தைத் திறந்துவிட்டார்கள். திறந்தது திறந்ததுதான்.

அத்தான் நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் ஏரிக்கரையில உட்கார்ந்திருக்கேன்" என்று கழன்றுகொண்டார்.

பெரிய ஆட்டக்காரர்களின் வெண்கலப் பட்டயங்கள் வரிசையாக இருக்கும் கூடத்தில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. 1936ல் முதன்முதலில் தேர்வான ஐந்து பேரை மட்டும் மருமகன் காட்டினான்: டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மாத்யூசன், வால்டர் ஜான்சன். "நடுவுல சொன்னேனே, அவரைத்தான் பார்க்கப் போறோம்."

அட்டைகளுக்கென்று 2019ல் தனியாக ஒரு நிரந்தரக் கண்காட்சி திறந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பையன்கள் அட்டைகளை ஷூ வந்த பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைப்பது வழக்கம் என்பதால் 'ஷூபாக்ஸ் ட்ரெஷர்ஸ்' என்று பெயர். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது வாக்னர் அட்டை. முதலில் எனக்கு ஏமாற்றம்தான். அவ்வளவு சின்னது! அகலம் மூன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், உயரம் ஆறரைக்குச் சற்று அதிகம். ஆரஞ்சு நிறப் பின்னணி. நடு வகிடு எடுத்த ஒரு மனிதர் பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பில்லை, கோபமும் இல்லை. சட்டையில் பொத்தான் வரிசைக்கு இந்தப் பக்கம் 'பிட்ஸ்', அந்தப் பக்கம் 'பர்க்' என்று ஊர்ப் பெயர், கடைசி 'எச்' எழுத்து இல்லாமல். அந்தக் காலத்தில் அரசாங்கம் அந்த எழுத்தை எடுத்துவிட்டிருந்தது. 1911ல்தான் திரும்பக் கொடுத்தது.

இது மிட்டாயோடு வந்த அட்டை அல்ல, சிகரெட்டோடு வந்தது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளுக்குள் இப்படி அட்டைகளை வைத்தது. மெல்லிய பெட்டி நசுங்காமல் இருக்கும், விளம்பரமும் ஆச்சு. முன்பக்கம் ஆட்டக்காரர், பின்பக்கம் ஸ்வீட் கேப்பரல், பீட்மான்ட் என்று சிகரெட்டின் பெயர். பையன்கள் புகையிலைக் கடை வாசலில் நின்று, வெளியே வருகிற பெரியவர்களிடம் படத்தைக் கேட்டு வாங்குவார்களாம். எங்கள் தெருவில் பெட்டிக்கடை ஓரம் பொறுக்கிய சிகரெட் அட்டைகளை மடித்து, பிராண்டுக்கு ஒரு மதிப்பு வைத்து, கல் எறிந்து ஜெயித்த தலைமுறை நான். உள்ளே படமும் இருந்திருந்தால் படிப்பையே விட்டிருப்போம்.

வாக்னர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கிறவர். அன்றைய பெரிய நட்சத்திரம். ஆனால் தன் படத்தைச் சிகரெட் கம்பெனி போடக்கூடாது என்று மறுத்துவிட்டார். அவரிடம் அனுமதி வாங்கித் தந்தால் 10 டாலர் தருவதாக ஒரு பத்திரிகையாளருக்குக் கம்பெனி சொல்லியிருந்தது. வாக்னர் மறுப்புக் கடிதத்தோடு, உனக்கு நஷ்டம் வேண்டாம் என்று 10 டாலர் காசோலையையும் அந்தப் பத்திரிகையாளருக்கு அனுப்பினார் என்று 1912ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை எழுதியது. குழந்தைகள் தன் படத்துக்காகச் சிகரெட் வாங்கக்கூடாது என்று நினைத்தார் என்பது ஒரு கட்சி. அவரே புகையிலை மெல்லுகிறவர், அதற்கு முன்னால் சுருட்டு விளம்பரத்துக்குப் படம் கொடுத்தவர், பணம் பேசி வராததால்தான் மறுத்தார் என்பது இன்னொரு கட்சி. மருமகன் முதல் கட்சி. நானோ இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். தான் செய்வதைப் பிள்ளைகள் செய்யக்கூடாது என்று நினைக்காத புகையிலைக்காரரை நான் பார்த்ததில்லை.

எப்படியோ, அச்சு நின்றுபோனது. அதற்குள் வெளியே போனவற்றில் இன்று தெரியவந்திருப்பவை 50, 60 இருக்கலாம். 2021ல் ஒன்று 66 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2022ல் இன்னொன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இத்தனைக்கும் பத்துக்கு இரண்டு மதிப்பெண் மட்டுமே வாங்கிய நைந்த அட்டை அது.

கம்பெனிகள் வேண்டுமென்றே செய்த தட்டுப்பாடும் உண்டு. 1933ல் கௌடி என்ற சூயிங்கம் கம்பெனி 240 அட்டைகள் கொண்ட தொகுப்பு போட்டது. 106ஆம் எண்ணை மட்டும் அச்சடிக்கவே இல்லை. அது கிடைக்கும் கிடைக்கும் என்று பையன்கள் கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். விட்டுப்போனதே என்று கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் அடுத்த ஆண்டு, ஓய்வுபெற்ற பழைய ஆட்டக்காரர் நாப் லாஜவேயின் படத்தை அந்த எண்ணில் அச்சடித்து அனுப்பினார்கள். அது இன்று பெரும் விலை. சத்தம் போட்ட பையன்கள் பிழைத்தார்கள்!

ஆனால் விலையில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது வேறு அட்டை: 1952ல் டாப்ஸ் கம்பெனி போட்ட மிக்கி மேன்ட்டில், எண் 311. நீல வானம், தோளில் மஞ்சள் மட்டை, இருபது வயது முகம். 2022 ஆகஸ்டில் இதன் ஒரு பிரதி 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் சுமார் 100 கோடி ரூபாய். வேடிக்கை என்னவென்றால் இது அபூர்வமான அட்டையே அல்ல. கம்பெனி அச்சுத்தாளில் மேன்ட்டில் படத்தை இரண்டு இடத்தில் வைத்து, மற்றவர்களில் பெரும்பாலோரைவிட இரண்டு மடங்கு அடித்தது. அவருடைய முதல் அட்டையும் இதுவல்ல. அதை முந்தின ஆண்டே போமன் கம்பெனி போட்டுவிட்டது. அப்புறம் ஏன் இந்த விலை?

மேன்ட்டில் படம் இருந்த அந்த ஆண்டின் கடைசித் தொகுதி தாமதமாக, பேஸ்பால் பருவம் முடிகிற நேரத்தில் கடைக்கு வந்தது. பையன்கள் அதற்குள் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத் தாவிவிட்டார்கள். கட்டுக்கட்டாகக் கிடங்கில் தேங்கியது. அந்தத் தொகுப்பை வடிவமைத்த சை பெர்கர், 1960ல் மிச்சப் பெட்டிகளைக் குப்பைப் படகில் ஏற்றிப் போய் அட்லான்டிக் கடலில் கொட்டியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கொட்டியவற்றில் எத்தனை மேன்ட்டில் இருந்திருக்கும் என்று மருமகன் கணக்குப் போட ஆரம்பித்தான். நிறுத்தச் சொன்னேன். வயிறு எரிகிறது.

தப்பித்தவையும் பெரும்பாலும் பையன்கள் கையில் பட்டுத் தேய்ந்தவை. சைக்கிள் சக்கரக் கம்பியில் கிளிப் போட்டுச் செருகிப் படபடவென்று ஓட்டுவார்கள், ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குவார்கள், சுவரில் வீசி ஆடுவார்கள். நூறு கோடி அட்டையோ 1985ல் மாசசூசெட்ஸில் ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்த, யாரும் பிரித்துக்கூடப் பார்க்காத சரக்கில் ஒன்று. 1991ல் நியூ ஜெர்ஸிக்காரர் ஒருவர் அதை 50,000 டாலருக்கு வாங்கி வைத்திருந்தார். அதாவது எந்தப் பையனும் தொடாத அட்டைக்குத்தான் இந்த விலை. எனக்கு இது உறுத்துகிறது. மருமகனுக்கு உறுத்தவில்லை. அவன் தன் அட்டைகளை ஓரத்தில் பிடித்து, பிளாஸ்டிக் உறையில் சொருகி, "தொடாதீங்க மாமா" என்கிற தலைமுறை.

இப்போது அட்டையை அதற்கென்றே இருக்கும் கம்பெனிக்கு அனுப்பினால் நான்கு முனையும் கூர்மையா, படம் நடுவில் இருக்கிறதா, மடிப்பு உண்டா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கெட்டியான பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்புகிறார்கள். இதற்குக் கிரேடிங் என்று பெயர். பிஎஸ்ஏ என்ற நிறுவனம் 1991ல் கிரேடிங் செய்த முதல் அட்டையே ஒரு வாக்னர்தான், பத்துக்கு எட்டு. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் அதே ஆண்டு 4,51,000 டாலருக்கு வாங்கியது. பின்பு வால்மார்ட் அதைப் பரிசுக் குலுக்கலில் வைத்தது. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஒரு தபால்துறைப் பெண்மணிக்கு விழுந்தது. வரி கட்டக் கையில் பணமில்லாமல் அவர் உடனே விற்றுவிட்டார். 2007ல் 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013ல் அந்த அட்டையை முதலில் கைமாற்றிய ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஒப்புக்கொண்டார். கூர்மையான முனைகளின் ரகசியம் வெட்டுக்கத்தி! ஆனாலும் அதன் மவுசு குறையவில்லை.

இந்த இடத்தில் மன்ஹாட்டனைச் சொல்லியாக வேண்டும். சில நாட்கள் முன்பு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கும் மருமகன் கூட்டிப் போயிருந்தான். அங்கே 30,000க்கு மேல் பேஸ்பால் அட்டைகள் இருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி வைக்கிறார்கள். நாங்கள் போனபோது வாக்னர் வெளியே இல்லை. அதற்குப் பதில் 1880களின் 'ஓல்டு ஜட்ஜ்' சிகரெட் அட்டைகள் சிலவற்றைப் பார்த்தேன். பழுப்பேறிய ஸ்டுடியோ படங்கள். அன்றைய கேமராவில் ஓடுகிற பந்தைப் பிடிக்க முடியாது. அதனால் பந்தை மேலே கூரையிலிருந்து நூலில் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடிக்கப் போவது போல ஆட்டக்காரரை நிற்க வைத்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் நூல் தெரிகிறது. பின்னால் திரையில் வரைந்த மரங்கள், காலுக்குக் கீழே கம்பளம், மீசைக்காரர் முகத்தில் மகா தீவிரம். வாக்னரைவிட எனக்கு இவர்களைப் பிடித்துவிட்டது.

அத்தனையையும் கொடுத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். சிரக்யூஸில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மூட்டுவாதத்தால் கை விரல்கள் கோணிப்போனவர். தொழில்முறை ஆட்டம் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பார்கள். அட்டைகளுக்கு முதன்முதலில் முறையாக அட்டவணை போட்டவர் இவர்தான். வாக்னர் தொகுப்பை இன்றும் 'டி206' என்று கூப்பிடுவது இவர் வைத்த குறியீட்டால். அந்த அட்டவணையில் பெரும்பாலான அட்டைகளுக்குச் சில சென்ட் விலை போட்டவர், வாக்னருக்கு 50 டாலர் போட்டார். விளம்பரச் சீட்டு, வாழ்த்து அட்டை என்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட காகிதங்களை 1947லிருந்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்துவிட்டு மருத்துவமனையில் சேர்ந்தார், மார்ச்சில் காலமானார்.

கவனியுங்கள், அவர் ஒட்டினார். பசை போட்டு. சந்தைக் கணக்கில் அது அட்டையைக் கெடுத்த காரியம். "பசை பட்டா மதிப்பெண் போச்சு மாமா" என்று மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டான். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நான் கேள்விப்பட்டவர்களிலேயே அட்டையை அட்டையாக நேசித்தவர் அவர் ஒருவர்தான்.

சரி, கூப்பர்ஸ்டவுனுக்கே வருவோம். வெளியே மெயின் ஸ்ட்ரீட் முழுக்கத் தொப்பி, மட்டை, அட்டைக் கடைகள். ஒரு கடையில் கண்ணாடி மேசைக்கடியில் நைந்த டி206 அட்டைகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. எனக்குப் பெயரே தெரியாத, மைனர் லீக் என்ற கீழ்நிலை லீக்கின் ஆட்டக்காரர், குறுக்கே ஒரு மடிப்பு, முனைகள் உருண்டுபோய், பின்பக்கம் பீட்மான்ட் விளம்பரம் நீல மையில். 45 டாலர் சொன்னார் கடைக்காரர், 40க்குக் கொடுத்தார். நூறு வருஷத்துக்கு மேலான அட்டை. உறையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மருமகன் பதறினான்.

ஏரிக்கரையில் அத்தானிடம் காட்டியபோது மருமகன், "இதையும் கிரேடிங்குக்கு அனுப்பலாம்" என்றான்.

"எவ்வளவு ஆகும்?"

"தபால் செலவோட சேர்த்தா கிட்டத்தட்ட இந்த அட்டை விலை வரும்."

"எவ்வளவு மதிப்பெண் வரும்?"

"ஒண்ணு."

அத்தான் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்கு அந்தக் காசுல இன்னொரு அட்டை வாங்கலாமேடா?"

கடை மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மூன்று பேருமாக எழுந்து வேகமாக நடந்தோம்.