மூணு மாசம் முடியட்டும்னு சொன்ன ஆச்சி

முக்கூடலில் இருக்கும் மைனி இப்போது இரண்டாவதாக உண்டாகியிருக்கிறாள். மடியில் சொளவு, அதில் பீடி இலை, கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நர்சம்மாவிடம் பதிந்தாச்சா என்று கேட்டேன். ஆச்சி முந்திக்கொண்டாள்: "மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக் கூடாதுல்லா, கண்ணு பட்டுரும்."

சிக்கலே அங்கேதான். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கியிருக்க வேண்டும். மொத்தம் 18,000 ரூபாய்: பணமாக 14,000, தவணை தவணையாக. மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பமாக இருக்கணும், தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்கணும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்.

மைனிக்குத் தலைப்பிள்ளையின்போது பணம் மாசக்கணக்கில் வரவே இல்லை. பாஸ்புக்கில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். அந்த ஒற்றை எழுத்துக்காக வயிற்றைத் தள்ளிக்கொண்டு எத்தனை நடை நடந்தாள்! அண்ணன் கணக்கில் போடச் சொன்னால் நடக்காது, தாயின் பெயரில்தான் கணக்கு வேண்டும். (அதுவும் நல்லதுக்குத்தான், அண்ணனை எனக்குத் தெரியும்.)

பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழத்தைப் பாதிக்கு மேல் தின்றது ஆச்சிதான். அதை நினைவுபடுத்தியதும் சிரித்துவிட்டு, "சரி, நாளைக்கே கூட்டிட்டுப் போ. ஆனா எதுத்த வீட்டுக்காரி பாக்காம போங்க" என்றாள்.