அடுத்த ஐந்து விநாடியில் ட்ரோன் எங்கே இருக்கும்?

மோதலைத் தவிர்க்க ட்ரோன் பாதையை முன்கூட்டியே கணிப்பது பற்றிப் பேச்செடுத்தாலே பலரும் நேராக நியூரல் நெட்வொர்க்குக்கு (தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஏஐ மாடலுக்கு) தாவிவிடுகிறார்கள். தாவட்டும், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு குவாட்காப்டர், அதாவது நான்கு விசிறி ட்ரோன், விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது. இதே வேகத்தில் போனால் 5 விநாடியில் 75 மீட்டர் தள்ளி இருக்கும். இப்போதே பிரேக் பிடித்து, ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் விநாடிக்கு 4 மீட்டரைக் குறைத்துக்கொண்டே வந்தால் சுமார் 28 மீட்டரிலேயே நின்றுவிடும். ஐந்தே விநாடியில் 47 மீட்டர் வித்தியாசம்! பயணிகள் விமானம் நடுவானில் இப்படி நிற்காது, அதனால் 'இதே திசை, இதே வேகம்' என்று வைத்துக்கொண்டு கோடு இழுக்கும் முறை அங்கே ஓரளவு செல்லும், குட்டி ட்ரோனிடம் அந்தப் பாச்சா பலிக்காது. துல்லியமில்லாத அளவீடுகளை வைத்து ஒரு பொருளின் இடத்தையும் வேகத்தையும் மதிப்பிடும் கணக்குமுறையான கால்மன் ஃபில்டர் 1960-ல் வெளிவந்தது, அது இன்றைக்கும் இந்த வேலைக்கு நன்றாகவே உதவுகிறது, ஆனால் அதற்குள் நாம் வைக்கும் இயக்க மாதிரி (ட்ரோன் எப்படி நகரும் என்ற அனுமானம்) 'நேராகத்தான் போகும்' என்று அடம்பிடித்தால் திருப்பத்தில் கோட்டைவிடும்.

சரி, ட்ரோன் திரும்பப் போகிறது என்று முன்பே தெரிந்துகொள்ள ஏதாவது அறிகுறி உண்டா? உண்டு, அதன் சாய்வு. குவாட்காப்டருக்குப் பக்கவாட்டில் தள்ளத் தனி விசிறி கிடையாது, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் உடம்பையே சாய்த்தாக வேண்டும். உயரம் மாறாமல் 20 டிகிரி சாய்ந்தால் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்குச் சுமார் 3.6 மீட்டர் ஏறத் தொடங்கும். முதலில் சாய்வு, அதற்கப்புறம்தான் வேகம், அதற்கும் அப்புறம்தான் ஜிபிஎஸ் புள்ளி நகர்வது. ஒரு சிக்கல், காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும் ட்ரோனும் சாய்ந்துதான் நிற்கும், அதனால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைவிட சாய்வு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

ஆனால் இந்தத் தகவல் வெளியே இருப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. அமெரிக்க ரிமோட் ஐடி விதிப்படி ட்ரோன் விநாடிக்கு ஒருமுறையாவது தன் அடையாளம், இருப்பிடம், உயரம், வேகம், இயக்குபவர் நிற்கும் இடம் (அல்லது ட்ரோன் கிளம்பிய இடம்) எல்லாவற்றையும் ஒலிபரப்ப வேண்டும், சாய்வும் அதில் இல்லை, அடுத்து எங்கே போகப்போகிறது என்பதும் இல்லை! தானாகப் பறக்கும்போது ட்ரோனின் ஆட்டோபைலட்டுக்குள் அடுத்த வேபாயின்ட் (அடுத்துப் போய்ச் சேர வேண்டிய புள்ளி) ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்போது, வெளியே நாம் பெரிய மாடலை வைத்து அதை ஊகித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த இரண்டு மூன்று வேபாயின்ட்டைப் பகிர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கட்சி.

இன்னொரு எரிச்சல், கணிப்பு எவ்வளவு சரி என்று சொல்ல 'சராசரிப் பிழை' என்று ஒரே ஒரு எண்ணைக் காட்டுவது. ட்ரோன் பெரும்பாலான நேரம் நேராகவோ அசையாமலோ இருக்கும்போது அந்த எண் அழகாகத்தான் வரும், கணிப்பு பெரிதாகத் தவறுவதோ திருப்பத்திலும் திடீர் பிரேக்கிலும். அந்தத் தருணங்களை மட்டும் தனியாகப் பிரித்து அளந்து காட்டுங்கள், நம்புகிறேன். ஒற்றைக் கோடும் வேண்டாம், 'இந்த வட்டத்துக்குள் இருக்கும்' என்று நேரம் போகப்போக விரியும் எல்லையைக் கொடுத்தால்தான் எவ்வளவு தள்ளி நிற்பது என்று முடிவெடுக்க முடியும்.

அப்புறம், ட்ரோனுக்கும் ரிமோட்டுக்கும் இடையே இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? பல ட்ரோன்கள் முன்பே குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பும். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது அதிர்ச்சி, அந்த செட்டிங் தெரிந்தவருக்கு இதைவிடச் சுலபமான கணிப்பு கிடையாது. அருகருகே கிளம்பிய இரண்டு ட்ரோன்களுக்கும் அந்த உயரம் ஒன்றாக இருந்து, இரண்டுக்கும் ஒரே சமயத்தில் இணைப்பு போனால், ஒரே மட்டத்தில் ஒரே பக்கம் பார்த்து வரும், மோதிக்கொள்ளவும் கூடும். இதற்கு மாடலெல்லாம் வேண்டியதில்லை, சுற்றியுள்ள மரம், கட்டடத்தைவிட இரண்டுமே மேலே இருக்கும்படி பார்த்து, ஒன்றுக்கு 40 மீட்டர், இன்னொன்றுக்கு 60 மீட்டர் என்று கிளம்பும் முன்பே மாற்றிவையுங்கள்.