கழுவுத தண்ணி மட்டுந்தான சார்?

குளத்துக்குப் போகும் தெருத் தண்ணியைத் தெளியவைக்க நான் எஸ்டிமேட் போட்ட தொட்டிக்கு கான்கிரீட் போட்டு முடித்த அன்று, ஊராட்சித் தூய்மைக் காவலர் அக்கா கேட்டாள்: "கழுவுத தண்ணி மட்டுந்தான சார் இதுல வரும்?" "ஆமாக்கா" என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவருகிறேன்.

சர்வேக்குப் போன அன்றே தெரு வாறுகாலில், அதாவது சாக்கடையில், நாலு இன்ச் குழாய் ஏழு பார்த்திருந்தேன். அடுப்படித் தண்ணிக்கு ஒன்றரை இன்ச் போதும். நாலு இன்ச் போட்டால் அது கக்கூஸ்தான். செப்டிக் டேங்கின் மிச்சத்தை வாறுகாலில் விட்டிருக்கிறார்கள். குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏழு வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்தால் ஊரே இரண்டாகும், வேலை நின்றுபோகும், வாறுகால் பழையபடி நேரே குளத்தில் விழும். அப்படி நினைத்தேன். இன்றைக்கும் அது தப்பான கணக்கு என்று சொல்ல வரவில்லை.

குளம் முக்கியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கூடு கட்டும் கூழைக்கடாவும் நாரையும் இரைக்கு நம் பக்கத்துக் குளங்களுக்குத்தான் வரும். வீட்டுக்கு வீடு தண்ணீர் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டக் குழாய் வந்ததும் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வந்தது வெளியே போகத்தானே வேண்டும்? அதிலுள்ள சோப்பும் சத்தும் பாசியை வளர்க்கும், ஆகாயத்தாமரையைப் பரப்பும். பாசி பெருத்தால் ராத்திரி தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துவிடும். விடியக்காலையில் மீன் வாய் பிளந்து மேலே வரும். அதனால்தான் வண்டல் தொட்டி, அதற்கப்புறம் ஜல்லிப் படுகை, படுகையில் கல்வாழை. வேர்களைச் சுற்றிக் கிருமிகள் குடியேறி அழுக்கைத் தின்னும். டீக்கடை அண்ணாச்சி ஒருவர் மட்டும், "கூந்தன்குளத்துக்காரன் பறவ எச்சம் விழுந்த வண்டல உரம்னு அள்ளுதான். நம்ம வீட்டுத் தண்ணி மட்டும் வெசமாவே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும். அளவுதான் வித்தியாசம் என்று பதில் சொன்னேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

தொட்டியின் அடியில் சேர்வதை அவ்வப்போது யாராவது அள்ள வேண்டும். யார் என்று எஸ்டிமேட்டில் இல்லை. "பராமரிப்பு: ஊராட்சி" என்று ஒரு வரி. ஊராட்சி என்றால் யார் என்பது நம் ஊர்களில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா?

எட்டு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனவன் பைக்கை நிறுத்திப் பார்த்தேன். தொட்டிக்குள் முழங்கால் வரை நின்று சாந்துச்சட்டியில் அள்ளி மேலே வைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. கையுறை கரையில் கிடந்தது. நனைந்தால் பிடி வழுக்குதாம். வாடை சொல்லிவிட்டது. என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. "சோத்துப் பருக்க கெடக்கும்னு நெனச்சேன் சார்" என்றாள். அவ்வளவுதான்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் எனக்குத் தெரியும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கக்கூடாது. ஆனால் காகிதத்தில் இது செப்டிக் டேங்க் இல்லை, வண்டல் தொட்டி. அந்தப் பெயரை எழுதியது நான். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, திட்டத்தின் பெயரே அதுதான். இருந்தாலும் அன்று என் வாயில் முதலில் வந்தது, "மேல ஏறுங்கக்கா" இல்லை, "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தொட்டி, ஜல்லி, கல்வாழை எல்லாம் குளத்தோடு ஒன்றாகிப் போனது. மறுகால் பாய்ந்ததில் எது யாருடைய அழுக்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஊரே தண்ணீரில் நிற்கும்போது அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று புரிந்ததும் அது போய்விட்டது.

மறுபடி கட்ட எஸ்டிமேட் கேட்டார்கள். இந்தத் தடவை கழிவுநீர் லாரிக்கு ஒரு தொகை சேர்த்தேன். மேலே வெட்டிவிட்டார்கள். ஏழு குழாயை எழுதியிருந்தால் வெட்டியிருக்க முடியாது.

எழுதவில்லை.