வீட்டுக் கராஜில் ஓர் எம்ஜிபி: துருவிலிருந்து இலக்கத்தகடு வரை

1970 மார்ச்சில் இங்கிலாந்தின் ஏபிங்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, அப்படியே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட எம்ஜிபி ரோட்ஸ்ரர் என்ற கூரையில்லாக் கார் ஒன்று, அரை நூற்றாண்டு கழித்து, 2021 பெப்ரவரியில் சவுதாம்ரன் துறைமுகத்தில் வந்திறங்கி, இலண்டனின் புறநகரிலுள்ள எங்கள் வீட்டுக் கராஜுக்குள் தள்ளிக்கொண்டுபோய் விடப்பட்டது. அதற்குப் பிரித்தானிய இலக்கத்தகடு பூட்டப்பட்டது 2023 யூனில். இடைப்பட்ட காலத்தில் நான் செய்த வேலைகளையும், செய்து பின்னர் அழித்துவிட்டு மறுபடி செய்த வேலைகளையும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் எம்ஜிபி என்று பலர் கேட்டார்கள். 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டதால் உதிரிப்பாகங்களுக்குத் தட்டுப்பாடு இல்லை என்பது மற்றவர்களுக்கு நான் சொன்ன காரணம். உண்மைக் காரணம் இயந்திரம். இதன் 1798 சிசி இயந்திரம், யாழ்ப்பாணத்தில் என் மாமா வாடகைக்கு ஓட்டிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜின் இயந்திரத்துக்கு உடன்பிறப்பு. இரண்டும் பி வரிசை என்ற ஒரே இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத நாட்களில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு அந்த இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அந்த வரிசை இயந்திரத்தைக் கண்டு பயம் வராது.

பயந்திருக்க வேண்டியது உடற்பகுதியைக் கண்டு. வறண்ட கலிஃபோர்னியாவில் ஓடிய கார் என்றால் துரு இராது என்று நம்பி, படங்களை மட்டும் பார்த்து வாங்கினேன். துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுகளுக்குக் கீழே ஓட்டியபோது, வலப்பக்கத்தில் ஓரிடத்திலும் அது பிடிக்கவில்லை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையை நிரப்பப் பூசும் பட்டிதான் இருந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ற் பற்றரிகள் வைக்கும் பெட்டிகளுக்குள் எட்டிப் பார்த்தால் கராஜின் தரை தெரிந்தது.

எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கூரையும் இல்லாத ரோட்ஸ்ரரில், முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்திருப்பது பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டி அமைப்புத்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உட்தகடு, அடியில் கோட்டைக் கொத்தளம் போல மடிந்த ஒரு பட்டை என நான்கும் சேர்ந்துதான் அந்தப் பலம். வெளித்தகட்டின் முனைகள் முன், பின் மட்காட்டுகளுக்குள் நுழைந்து நிற்பதால், அதை முழுமையாக மாற்ற வேண்டுமானால் மட்காட்டுகளின் அடிப்பகுதியையும் வெட்டியாக வேண்டும். பழைய உரிமையாளர் யாரோ அந்தச் சிரமத்தைத் தவிர்த்து, வெளியே தெரியும் பகுதியில் மட்டும் ஒட்டுப்போட்டிருந்தார்.

மாலை நேர வகுப்பில் பதினைந்து வாரம் வெல்டிங் படித்துவிட்டு, 0.6 மில்லிமீற்றர் கம்பியுடன் ஒரு மிக் வெல்டரை வாங்கி, கதவைக் கழற்றி வைத்து, பழைய சில்லை வெட்டி எடுத்து, புதியதைப் பற்றவைத்தேன். ஒட்டுகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. கதவை மீண்டும் மாட்டியபோதுதான் அது மூடவில்லை என்று தெரிந்தது. சில்லை வெட்டியதும் கார் நடுவில் சில மில்லிமீற்றர் தொய்ந்திருக்கிறது. கதவின் மேல்விளிம்பில் இடைவெளி ஒடுங்கிவிட்டது. நானோ அந்தத் தொய்வை அப்படியே நிரந்தரமாக்கிவிட்டேன். மூன்று வார இறுதிகளின் வேலையை மறுபடி அரைத்து எடுத்தேன். இரண்டாம் முறை, காரை அச்சுகளுக்கு நேரே தாங்கிகளில் நிறுத்தி, மட்டம் பார்த்து, கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்து, ஒவ்வொரு தகட்டையும் புள்ளி வெல்டில் பிடித்தபின் கதவை மாட்டி மூடிப்பார்த்து, அதன் பிறகே தொடர்ந்தேன். கதவைக் கழற்றாமல் சில் வேலை செய்ய முடியாது. கதவை மாட்டிப் பார்க்காமல் செய்யவும் கூடாது. இடப்பக்கத்திலும் இதே முறைதான்; அங்கே உட்தகடு நன்றாக இருந்ததால் பாதி நேரமே பிடித்தது.

இயந்திர வேலை அதனோடு ஒப்பிட்டால் ஓய்வு நேரம் போன்றது. ஈயமில்லாப் பெற்றோலுக்கு ஏற்றபடி, இயந்திரத்தின் வால்வுகள் வந்து அமரும் வளையங்களை மாற்றுவித்தேன். 2021 செப்ரெம்பரில் பிரித்தானியாவின் சாதாரண பெற்றோல் பத்து விழுக்காடு வரை எதனோல் கொண்ட ஈ10 ஆக மாறியது. அது பழைய இறப்பர்க் குழாய்களைக் கெடுக்கும் என்பதால் எல்லாக் குழாய்களையும் புதியவையாகப் போட்டேன். எஸ்யூ வகை இரட்டைக் கார்புரேற்றர்களைச் சரிசெய்ய முடியாமல் திணறிய ஓர் இரவில் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, ஊசியைத் தொடாதை. முதல் ரெண்டுக்குள்ளையும் காத்து ஒரே அளவாப் போகுதோ எண்டு குழாயைக் காதிலை வைச்சுக் கேள்" என்றார். ஓர் இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேற்றர்களின் வாயில் மாறி மாறியும் வைத்து, இரைச்சல் சமமாகும் வரை திருகினேன். அரை மணி நேரத்தில் இயந்திரம் அமைதியாக ஓடியது.

ஸ்ரியரிங்கை வலப்பக்கத்துக்கு மாற்றிவிடலாமே என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். செய்யக்கூடியதுதான். ஆனால் இடப்பக்க ஸ்ரியரிங்கோடு அமெரிக்காவுக்கென்று செய்த காரை அப்படியே வைத்திருப்பதுதான் நேர்மை என்று எனக்குத் தோன்றியது; முகப்பு விளக்குகளை மட்டும், எதிரே வருபவரின் கண்ணில் படாதபடி இங்குள்ள வகைக்கு மாற்றினேன்.

இனிக் காகிதங்கள். அவை காரின் வேலை முடிந்தபின் தொடங்குபவை என்று நினைப்பவர்கள் என்னைப் போல் அவதிப்படுவார்கள். கார் நாட்டுக்குள் வந்து பதினான்கு நாட்களுக்குள் நோவா எனப்படும் வருகை அறிவிப்பை வருவாய், சுங்கத் துறைக்குக் கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேற்பட்டு, உற்பத்தி நின்று, மூலநிலை மாறாமல் இருக்கும் கார்கள் சேகரிப்புப் பொருளாக ஏற்கப்பட்டால் சுங்க வரி இல்லை. இருபது விழுக்காடு வற் வரிக்குப் பதிலாக ஐந்து விழுக்காடு மட்டுமே. இதையெல்லாம் படித்து ஒழுங்காகவே செய்தேன். ஆனால் அந்த அறிவிப்பில், காரின் அடையாளமான சாசி இலக்கத்தை, இயந்திர அறையிலுள்ள தகட்டைப் பார்த்து எழுதாமல், முகவரின் மின்னஞ்சலில் கண்டதை நினைவில் வைத்துத் தட்டெழுதி, முன்னெழுத்துகளில் ஒன்றை விட்டுவிட்டேன்.

அந்தப் பிழை இரண்டு ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்தது. இடையில் கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்திடம் மரபுச் சான்றிதழ் பெற்றேன். தொழிற்சாலைப் பேரேடுகளிலிருந்து எடுத்து, காரின் தயாரிப்பு நாளையும் இயந்திர இலக்கத்தையும் முதல் நிறத்தையும் அதில் தருகிறார்கள். சிவப்பாக வந்த என் கார் வெளிர் மஞ்சளில் பிறந்தது என்று அதில் கண்டு, டாஷ்போர்டின் பின்புறத்தைச் சுரண்டிப் பார்த்தால் மஞ்சள் அங்கே இருந்தது. ஆகவே நிறப்பூச்சும் அதற்கேற்ப மாறியது.

நாற்பது ஆண்டு கடந்து, பெருமாற்றம் செய்யப்படாத கார்களுக்கு, வீதியில் ஓடத் தகுதியானவையா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓரி பரிசோதனை கட்டாயமில்லை. இருந்தும் நான் பற்றவைத்த சில்லில் என் மகன் ஏறி உட்காரப்போகிறான் என்பதால், இலக்கத்தகடு இல்லாத நிலையில் சாசி இலக்கத்தை வைத்தே பரிசோதனைக்குப் பதிந்து, காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனேன். பரிசோதகர் அடியில் நின்று ஒட்டுகளை நீண்ட நேரம் தட்டிப்பார்த்தார். 1975 ஓகஸ்டுக்கு முந்திய கார் என்பதால் புகையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. கைப்பிரேக்கை இறுக்கச் சொல்லி, பிறகு சான்றிதழ் தந்தார்.

முதற்பதிவுக்கான வி55/5 படிவம், அமெரிக்க உரிமைப் பத்திரம், மரபுச் சான்றிதழ், எம்ஓரி, சாரதி அனுமதிப்பத்திரத்தின் படி, 55 பவுண் பதிவுக் கட்டணம் ஆகியவற்றைச் சுவான்சியிலுள்ள வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏக்கு அனுப்பினேன். மூன்றாம் வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. நோவாப் பதிவிலுள்ள இலக்கமும் படிவத்திலுள்ள இலக்கமும் பொருந்தவில்லை. தகட்டின் படத்தையும் கப்பல் பத்திரத்தையும் இணைத்து, திருத்தம் கேட்டு சுங்கத் துறைக்கு எழுதி, அது முடிந்தபின் மறுபடி அனுப்பியதில் ஏழு வாரங்கள் கழிந்தன. எனக்குச் சொல்லத் தோன்றும் ஒரே அறிவுரை: தகட்டைத் துடைத்துப் படமெடுத்து, எந்தப் படிவத்தை நிரப்பினாலும் அந்தப் படத்தைக் கண்முன்னே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வந்த பதிவுப் புத்தகத்தில், இங்கே முதற்பதிவு 2023 என்றும் தயாரிப்பு 1970 என்றும் இருந்தது. காரின் வயதுக்குரிய எச் என்ற எழுத்தில் முடியும் இலக்கம் கிடைத்தது. 1980க்கு முன் செய்யப்பட்டு வரலாற்று வாகனமாகப் பதிவான கார் என்பதால், கறுப்பில் வெள்ளி எழுத்துக்கள் கொண்ட பழைய பாணித் தகட்டைப் போட அனுமதி உண்டு. வீதிவரி பூச்சியம்தான், ஆனால் அந்தப் பூச்சியத்துக்கும் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் பயணம் கடைத்தெரு வரைக்குந்தான். தரிப்பிடத்தின் சீட்டு இயந்திரம் வலப்பக்கத்தில் இருந்ததால், பக்கத்து இருக்கையிலிருந்த மகன் கையை நீட்டிச் சீட்டை எடுத்துத் தந்தான்.